அக்காவுக்குப் பூஜ்ஜியம், எனக்கு 2.36: பணம் வாங்கும் கட்டணத்தின் கதை

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

இந்த எபிசோடு மீன் அங்காடியில் ஆரம்பிக்குது.

நான் குடியிருப்பது சாந்தோமில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு லூப் ரோட்டுக்கு நடந்துவிடுவேன். நொச்சிக்குப்பத்தில் 2024இல் புது மீன் அங்காடி திறந்தார்கள் இல்லையா, அங்கேதான். மீன் வாங்குவது ஒரு இடம், சுத்தம் பண்ணிக் கொடுப்பது இன்னொரு இடம். அருவாமனையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் ஒரு கிலோ சங்கராவைக் கொடுத்தேன். செதில் எடுத்து, செவுளைப் பிடுங்கி, துண்டு போட 40 ரூபாய். ஸ்கேன் பண்ணினேன். அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டி நாற்பது ரூபாய் வந்துவிட்டதாகக் கத்தியது.

"அக்கா, இதுல உங்களுக்கு எவ்ளோ பிடிச்சிட்டுக் கொடுக்கிறாங்க?"

"ஒண்ணும் பிடிக்கல தம்பி. நாப்பதுன்னா நாப்பதுதான் ஏறும். பொட்டிக்குத்தான் மாசம் வாடகை எடுக்கறான்."

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்த பாட்காஸ்டுக்கு ஆதரவு தர விரும்புபவர்களுக்காகப் போன மாதம் ஒரு பக்கம் திறந்தோம். முதல் ஆளாக ஒருவர் கிரெடிட் கார்டில் 1,000 ரூபாய் போட்டார் (நன்றி சார்!). இரண்டு நாள் கழித்து என் கணக்கில் ஏறியது 976 ரூபாய் 40 காசு. இரண்டு சதவீதம் கட்டணம், 20 ரூபாய். அந்த 20 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 3 ரூபாய் 60 காசு. மொத்தம் 2.36 சதவீதம்.

அக்காவுக்கு 40க்கு 40, எனக்கு 1,000க்கு 976.40. ஏன் இப்படி? என் வேலையே பேமெண்ட் சர்வரிடம் "பணம் வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டிருக்கும் கோடு எழுதுவதுதான். எனக்கே இதற்கு நேரான பதில் தெரியவில்லை. தேடினேன். தேடல் நான் எதிர்பார்த்ததைவிட ரொம்பப் பின்னாடி போய்விட்டது.

எவ்வளவு பின்னாடி என்றால், இந்தக் கடற்கரை பல தேசத்துக் காசு வந்து இறங்கிய இடமாக இருந்த காலத்துக்கு. போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறியது 1520களில். கிழக்கிந்தியக் கம்பெனி வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி இடம் பிடித்தது 1639இல். சாந்தோம் ஆங்கிலேயர் கைக்குப் போனது 1749இல். கோட்டையைச் சுற்றி வளர்ந்த சந்தையில் புழங்கிய கணக்கைப் பாருங்கள்: ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக, ஒரு வராகன் 3,360 காசு. இதற்கு நடுவில் ஆர்க்காட்டு ரூபாய்; சுமாராக மூன்றரை ரூபாய் ஒரு வராகன். வராகன் தங்கம், ரூபாய் வெள்ளி, காசு செம்பு. மூன்று உலோகத்துக்கும் சந்தை விலை தனித்தனியாக ஏறி இறங்கும். அதனால் மேலே சொன்ன கணக்கு ஏட்டில்தான் நிலையாக நின்றது.

அங்கே உட்கார்ந்திருந்தவர் சராப்பு. நாணயத்தைத் தட்டிப் பார்ப்பார், எடை போடுவார், தேய்ந்திருக்கிறதா, மட்டம் குறைந்ததா என்று சொல்வார். ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றிக் கொடுக்கும்போது அவர் பிடித்துக்கொள்ளும் தொகைக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது: வட்டம். நாணயமாற்றுக்குப் பிடிக்கும் கழிவு என்ற பொருளை இன்றும் அகராதியில் பார்க்கலாம். வடக்கே இதே கழிவை 'பட்டா' என்றார்கள், நம்ம நிலப் பட்டா இல்லை, அது வேற.

வட்டம் சதவீதக் கணக்கில் இருந்ததற்கு நியாயம் இருந்தது. பத்து வராகனில் இருக்கும் தேய்மானத்தைப்போல நூறு வராகனில் பத்து மடங்கு இருக்கும். அவர் தலையில் விழும் நஷ்டமும் பத்து மடங்கு. தொகை கூடினால் கட்டணமும் கூடுவது இயல்பு. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். (1818இல் சென்னை மாகாணம் வராகனை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறியது. 'பணம்', 'காசு' இரண்டும் நாணயமாகச் செத்துப்போய், சொல்லாக உயிரோடு இருக்கின்றன.)

அடுத்தது உண்டியல். கோயில் உண்டியல் இல்லை, வியாபாரியின் உண்டியல். இலங்கைத் தமிழர்களைக் கேட்டால் உடனே புரியும்; வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக இல்லாமல் ஊருக்குக் காசு அனுப்புவதை அவர்கள் இன்றும் உண்டியல் என்றுதான் சொல்வார்கள். வடக்கே ஹுண்டி. இது ஒரு காகிதம்: இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்கவும் என்று ஒரு ஊரில் இருப்பவர் இன்னொரு ஊரில் இருக்கும் தன் ஆளுக்கு எழுதுவது. காட்டியவுடன் பணம் கொடுக்க வேண்டியது தர்ஷனி. குறிப்பிட்ட நாள் கழித்துக் கொடுக்க வேண்டியது முத்தத்தி. நகரத்தார் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு காரைக்குடி, சென்னை, கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று ஒரு வலையையே பின்னினார்கள்.

இன்ஜினியர் கண்ணால் பார்த்தால், பணம் நகரவே இல்லை. செய்திதான் நகர்கிறது. சென்னைப் பேரேட்டில் ஒரு வரவு, ரங்கூன் பேரேட்டில் ஒரு பற்று, நாள்பட ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்வார்கள். இன்று நான் உங்களுக்கு 40 ரூபாய் அனுப்பும்போதும் நடப்பது இதேதான், வங்கிகள் கடைசியில் நிகரத் தொகையைத் தீர்த்துக்கொள்கின்றன. ஆனாலும் உண்டியல்காரர் கழிவு பிடித்தார். எதற்கு? காத்திருக்கும் நாளுக்கு வட்டி. எதிர்முனை ஆள் நொடித்துப்போனால் வரும் ஆபத்துக்கு ஒரு விலை. இரண்டுமே தொகையோடு சேர்ந்து வளர்பவை. இங்கேயும் சதவீதம் நியாயம்தான்.

ஆபத்து என்று லேசாகச் சொல்லிவிட்டேன். அது சென்னையில் எப்படி வெடித்தது என்பதற்கு 1906 அக்டோபரைப் பார்க்க வேண்டும். ஆர்பத்நாட் கம்பெனி, இந்த நகரத்தின் பெரிய பெயர்களில் ஒன்று. ஓய்வு பெற்றவர், விதவை, வக்கீல், வியாபாரி என்று எல்லோரும் சேமிப்பைக் கொண்டுபோய்ப் போட்ட இடம். ஒரு நாள் கதவு மூடியது. வாடிக்கையாளர் பணத்தையும் கம்பெனி நடத்திய ஊக வியாபாரத்தையும் பிரிக்கும் சுவர் இல்லாமல் போனதுதான் அடிப்படைக் கோளாறு. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்காக நின்றவர்களில் முக்கியமானவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், சாந்தோமிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். அந்தக் கோபத்திலிருந்தும், நகரத்தார் தந்த ஆதரவிலிருந்தும் பிறந்ததுதான் இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது.

இதை ஏன் இங்கே நுழைக்கிறேன்? என் 1,000 ரூபாய் இரண்டு நாள் எங்கே இருந்தது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு விதிமுறை போட்டது. வியாபாரிகளுக்காக வாங்கிய பணத்தை ஒரு வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும், தன் சொந்தச் செலவோடு கலக்கக் கூடாது. 1906இல் இல்லாமல் போன சுவர் அதுதான். அந்தச் சுவரைக் கட்டிப் பராமரிக்கிற செலவும் என் 20 ரூபாய்க்குள் எங்கேயோ இருக்கிறது. அதைக் கொடுக்க எனக்கு மனக்குறை இல்லை.

சாதாரண ஜனங்களுக்கு உண்டியல் எட்டாது. அவர்களுக்கு வந்தது மணியார்டர். 1880இல் தபால் துறை ஆரம்பித்தது, 2015 ஏப்ரலில் பழைய முறை நின்றது. கடைசிக் காலத்தில் கமிஷன் எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு 20 ரூபாய்க்கும் ஒரு ரூபாய். ஐந்து சதவீதம்! கட்டட வேலைக்கு வந்த ஒருத்தர் ஊருக்கு 1,000 ரூபாய் அனுப்ப 50 ரூபாய் கட்டினார். இன்றைக்கு நான் 2.36க்குப் புலம்புகிறேன்.

மணியார்டரில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை ரொம்ப காலம் மணியார்டரில்தான் வந்தது. கமிஷனை வாங்கும் பாட்டி கட்டவில்லை, அரசாங்கம் கட்டியது. பாட்டிக்கு அது இலவசம் மாதிரித் தெரிந்தது. தபால்காரருக்குக் காபி செலவுக்கு என்று எங்கள் பாட்டி தானாகவே ஒரு நோட்டை எடுத்துக் கொடுப்பாள், அதை அவள் கட்டணமாக நினைத்ததே இல்லை. இந்த ஏற்பாட்டையும் நினைவில் வையுங்கள். அருவாமனை அக்காவிடம் வரும்போது தேவைப்படும்.

இப்போது கார்டு. இதன் வேர் அமெரிக்காவில். 1950இல் டைனர்ஸ் கிளப் நியூயார்க் ஓட்டல்களிடம் 7 சதவீதம் கேட்டது. சாப்பிட வந்தவர் மாதக் கடைசியில் பணம் கட்டுவார், ஓட்டலுக்கு முன்பே கொடுக்கிறோம், ஆள் வராமல் போனால் நஷ்டம் எங்களுக்கு. அதாவது உண்டியல்காரர் சொன்ன அதே காரணம். பிறகு பல வங்கிகள் ஒரே வலையில் சேர்ந்தபோது ஒரு புதுச் சிக்கல். கடைக்காரரின் வங்கி வேறு, கார்டு கொடுத்த வங்கி வேறு. இரண்டும் அந்தக் கழிவை எப்படிப் பிரித்துக்கொள்வது? அதற்கு வந்ததுதான் இன்டர்சேஞ்ச்: கடைக்காரரின் வங்கி, கார்டு கொடுத்த வங்கிக்குக் கட்ட வேண்டிய பங்கு.

நான் கட்டிய 20 ரூபாயைப் பிரித்தால், பெரிய துண்டு போவது இந்த இன்டர்சேஞ்சுக்குத்தான். சின்னத் துண்டு கார்டு நெட்வொர்க்குக்கு. கொஞ்சம் என் பக்கத்து வங்கிக்கு, மீதி கேட்வேக்கு. அந்தப் பெரிய துண்டிலிருந்துதான் கார்டு வைத்திருப்பவருக்கு ரிவார்டு பாயிண்ட், நாற்பது சொச்சம் நாள் வட்டியில்லாக் கடன், ஏர்போர்ட் லவுஞ்சில் இட்லி எல்லாம் வருகிறது. கடைக்காரர் இந்தச் செலவை விலையில் ஏற்றிவிடுவார். அப்போது அதே கடையில் நோட்டு கொடுத்து வாங்கும் ஆள், கார்டுக்காரரின் இட்லிக்கும் சேர்த்துக் கட்டுகிறார். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பகுதி. நானும் அந்த இட்லியைச் சாப்பிட்டவன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தி.நகரில் துணியோ நகையோ வாங்கியவர்களுக்கு, "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா சார்" என்ற வசனம் மறந்திருக்காது. டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013இல் கறாராகச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே டெபிட் கார்டில் கடைக்காரர் கட்டும் கழிவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள்: 2,000 ரூபாய் வரை 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். இந்தக் கழிவுக்குத்தான் எம்டிஆர் என்று பெயர், மெர்ச்சன்ட் டிஸ்கவுண்ட் ரேட். 2018இலிருந்து சின்ன வியாபாரிகளுக்கு 0.40 சதவீதம், அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று ஆக்கினார்கள்.

அந்த 200 ரூபாய் உச்சவரம்பு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஏனென்றால் அங்கேதான் முதல் தடவையாக யாரோ ஒரு அடிப்படைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். டெபிட் கார்டில் கடன் இல்லை. பணம் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. தேயும் தங்கமும் இல்லை, ரங்கூன் கப்பலுக்காகக் காத்திருப்பதும் இல்லை. நகர்வது ஒரு செய்தி மட்டும். சர்வரில் உட்கார்ந்து பார்க்கிற எனக்குத் தெரியும், 40 ரூபாய்க்கான செய்தியும் 40,000 ரூபாய்க்கான செய்தியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படின்னா கட்டணம் ஏன் ஆயிரம் மடங்கு? சராப்பிடமிருந்தும் உண்டியல்காரரிடமிருந்தும் வந்த சதவீதப் பழக்கம், அதற்கான காரணம் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதுதான் நான் புரிந்துகொண்டது.

2016 ஏப்ரலில் யூபிஐ அறிமுகம். நவம்பர் 8 ராத்திரி என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜனவரி 1 முதல் யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் பூஜ்ஜியம், சட்டப்படி. அக்காவின் 40க்கு 40 அங்கிருந்து வருகிறது.

ஆனால் பூஜ்ஜியம் என்றால் செலவு பூஜ்ஜியம் இல்லையே. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு விவாத அறிக்கை வெளியிட்டது. கடைக்கு யூபிஐயில் போகும் சராசரி 800 ரூபாய்ப் பரிவர்த்தனைக்கு, நடுவில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து ஆகும் செலவு சுமார் 2 ரூபாய் என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். அந்த 2 ரூபாயை யார் கட்டுவது? வங்கிகள் கொஞ்சம் விழுங்கிக்கொள்கின்றன. மீதிக்கு, பாட்டியின் மணியார்டர் மாதிரியே, அரசாங்கம். ஊக்கத்தொகையாக ரூபேக்கும் யூபிஐக்கும் சேர்த்து 2021-22இல் 1,389 கோடி ரூபாய், 2022-23இல் 2,210 கோடி, 2023-24இல் 3,631 கோடி கொடுத்தார்கள். 2024-25க்கு ஒதுக்கியது 1,500 கோடிதான்: சின்ன வியாபாரிகளுக்கு வரும் 2,000 ரூபாய் வரையான யூபிஐ பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம். அக்காவின் 40 ரூபாய்க்கு அது 6 காசு.

ஒதுக்கீடு குறைந்துகொண்டிருக்கும்போது எண்ணிக்கை எங்கே போகிறது? 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அந்த ஜூன் மாதம் யூபிஐக்கு எம்டிஆர் வரப்போகிறது என்று செய்தி பரவியபோது, நிதியமைச்சகம் அது பொய் என்று மறுத்தது. செலவை யாராவது ஒருத்தர் ஏற்கத்தான் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநரும் பொதுவெளியில் சொன்னார். இரண்டு பேச்சும் ஒரே வருஷத்தில்.

என் கருத்து கேட்டால், பெரிய கடைகளுக்கு ஒரு சின்னக் கட்டணம், உச்சவரம்போடு, வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவு காசு என்று நிலையான தொகை எல்லோருக்கும் வந்தால், அது முதலில் அடிப்பது 40 ரூபாய்க்கு மீன் சுத்தம் பண்ணுபவரை. ஒரு ரூபாய் பிடித்தாலே அவருக்கு இரண்டரை சதவீதம். சதவீதம் பெரிய தொகைக்கு அநியாயம், நிலையான தொகை சின்னத் தொகைக்கு அநியாயம். இதற்குச் சுலபமான கோடு எதுவும் என்னிடம் இல்லை.

நிலையான தொகை எப்படிக் கடிக்கும் என்பதற்கு என் கணக்கிலேயே உதாரணம் இருக்கிறது. டொராண்டோவிலிருந்து ஒரு நேயர் மாதம் 5 டாலர் அனுப்ப விரும்பினார். சர்வதேசச் சேவைகளில் 4.4 சதவீதமும் கூடவே 30 சென்டும் பிடிப்பது ஒரு வழக்கமான விகிதம். 5 டாலருக்கு 22 சென்ட், அதோடு 30 சென்ட், ஆக 52 சென்ட்: பத்து சதவீதத்துக்கும் மேல். மணியார்டரைவிட இரண்டு மடங்கு! அதற்கப்புறம் டாலரை ரூபாயாக்கும்போது நம்ம பழைய வட்டம், இன்றைக்கு 'ஃபாரெக்ஸ் மார்க்கப்' என்ற பெயரில். அதே நேயர் வருஷத்துக்கு ஒரே தடவையாக 60 டாலர் அனுப்பினால் கட்டணம் 2 டாலர் 94 சென்ட். மாதாமாதம் என்றால் வருஷத்துக்கு 6 டாலர் 24 சென்ட். பாதிக்கு மேல் மிச்சம்.

அதனால் ஆதரவுப் பக்கத்தை மாற்றிவிட்டேன். மேலே என் வங்கியின் யூபிஐ க்யூஆர், நேராகக் கணக்குக்கு வரும். ஒன்று கவனியுங்கள்: கேட்வே வழியாக யூபிஐ வாங்கினால் எம்டிஆர் பூஜ்ஜியமாக இருந்தாலும், கேட்வே தன் சேவைக்குத் தனியாகக் கட்டணம் போடலாம். இரண்டும் வேறு வேறு. யார் அனுப்பினார்கள் என்று கணக்கு எழுதுவது, ரசீது அனுப்புவது எல்லாம் இனி நான்தான் உட்கார்ந்து செய்யணும், அந்த வேலைக்குத்தான் கேட்வே காசு வாங்குகிறது. கார்டு வேண்டும் என்பவர்களுக்குக் கீழே கேட்வேயும் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள், தயவுசெய்து வருஷத்துக்கு ஒரு தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அங்காடிக்குப் போனேன். இந்த முறை நெத்திலி. அக்காவிடம் கதையைச் சுருக்கிச் சொன்னேன்: நீங்க கட்ட வேண்டியதுல ஒரு பங்கை கவர்மெண்ட் கட்டுது அக்கா, அதான் உங்களுக்கு முழுசா ஏறுது.

அவர் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். "அப்போ இந்தப் பொட்டி வாடகையையும் அவங்களையே கட்டச் சொல்லேன் தம்பி. மாசாமாசம் அதான் உறுத்துது."

எனக்குப் பின்னாடி நின்றவர் ஸ்கேன் பண்ணிவிட்டார். பெட்டி அறுபது ரூபாய் என்று கத்தியது.